ஏடும் தூரிகையும் – 11: குதிரை மேல் விரித்த பூவேலை

ஹெராத் நூலகப் பட்டறையின் தலைவர் ஜாஃபர் தப்ரீசி இளவரசர் பைசுங்குருக்கு அனுப்பிய பணி அறிக்கையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1430ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்தத் தாள் இன்று இஸ்தான்புல் தோப்கபி அரண்மனையின் தொகுப்பேடு ஒன்றில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதிலுள்ள ஒரு செய்தியை இந்த இதழுக்கென்று விட்டுவைத்தேன். எந்த எழுத்தர் எவ்வளவு எழுதி முடித்தார், எந்த ஓவியர் எந்தப் படத்துக்கு வண்ணம் ஏற்றுகிறார் என்று சொல்லிக்கொண்டே வரும் ஜாஃபர், நடுவில் ஒரு சேணத்தைப் பற்றிப் பேசுகிறார். மீர் தௌலத்யார் என்பவர் அதற்கு வடிவம் வரைந்தார். க்வாஜா மீர் ஹசன் அந்த வடிவத்தைப் படியெடுத்தார். மீர் ஹசனின் மகனும் இன்னோர் ஆசானும் அதை முத்துச்சிப்பியில் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகம் செய்யும் இடத்தில் சேணத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அதே அறிக்கையில் பதில் இருக்கிறது. க்வாஜா அப்துர் ரஹீம் என்ற கலைஞர் நூல் கட்டுவோருக்கும், பொன்வேலை செய்வோருக்கும், கூடாரம் தைப்போருக்கும், ஓடு பதிப்போருக்கும் வடிவங்கள் வரைந்து தருவதில் மும்முரமாக இருக்கிறார் என்கிறார் ஜாஃபர். ஆக, அந்தப் பட்டறை ஏடு எழுதும் இடம் மட்டும் அல்ல. அரசவைக்கு வேண்டிய எல்லாப் பொருள்களுக்கும் வடிவம் பிறந்த இடம் அது. ஒரே கையிலிருந்து புறப்பட்ட கொடி தோல் அட்டையில் ஏறியது, மசூதிச் சுவரில் ஏறியது, குதிரையின் முதுகிலும் ஏறியது. பாரசீகச் சிற்றோவியங்களில் குதிரைகளின் மேல் கிடக்கும் போர்வைகளை இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஓவியத்தை அழகுபடுத்த ஓரத்தில் சேர்த்த வேலை என்று அவற்றைக் கடந்து போகிறோம். வடிவம் வரைவதையே தன் தொழிலின் உச்சமாக நினைத்த ஒருவன் தன் முழுத் திறமையையும் கொட்டிய இடம் அது.

முதலில் அந்தக் குதிரை என்னதான் உடுத்தியிருக்கிறது என்று பார்ப்போம். முதுகில் நேராகப் படுவது கம்பளித் திண்டு. வியர்வையை உறிஞ்சவும் சேணத்தின் மரக்கட்டை உடம்பை அறுக்காமல் இருக்கவும் அது வேண்டும். ஓவியத்தில் அதன் விளிம்பு மட்டும் தெரியும். அதற்கு மேல் முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் குழிந்த சேணம். சேணத்துக்கு மேலே, அல்லது அதன் கீழிருந்து இரு பக்கமும் தொங்குமாறு, சேணத்துணி. ஆள் இறங்கியிருக்கும் நேரத்தில் சேணத்தை மூடிவைக்கும் தனிப் போர்வையும் உண்டு. அரசர், இளவரசர் குதிரைகளுக்கு இவை போதாது. கழுத்தின் அடியிலிருந்து பின்தொடை வரை, சில படங்களில் முழங்கால் வரை இறங்கும் பெரிய போர்வை விரிக்கப்படும். மார்பைச் சுற்றி ஒரு வார், வாலின் அடியைச் சுற்றி ஒரு வார், அவற்றில் பொன் குமிழ்களும் குஞ்சங்களும். தாடைக்குக் கீழே, கழுத்தில், ஒரு கற்றை முடி தொங்கும். அது கவரிமாவின் வால்முடி. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் அந்த முடியை நம் நாட்டுக் கோயில்களில் சாமரமாக வீசுகிறோம். மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் அது தலைவனின் குதிரைக்கும் கொடிக்கம்பத்துக்கும் உரிய அடையாளம். படத்தில் பத்துக் குதிரைகள் இருந்தாலும் எது அரசனுடையது என்று அந்தக் கற்றையையும் போர்வையையும் வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இனி போர்வையைக் கிட்டத்தில் பார்க்கலாம். சஃபவி மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் நகரத்தில் 1520களில் தொடங்கிச் செய்யப்பட்ட, ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியச் சுவடியின் தாள் ஏறத்தாழ 47 செ.மீ. உயரமும் 32 செ.மீ. அகலமும் கொண்டது. வேட்டையோ போரோ நிறைந்த ஒரு பக்கத்தில் ஒரு குதிரையின் போர்வைக்குக் கிடைக்கும் இடம் இரண்டு மூன்று விரல் அகலம்தான். அந்த இடத்துக்குள் ஆழ்ந்த நீல நிலம், அதன் மேல் சுருண்டு சுருண்டு ஓடும் பொன் கொடி, கொடியின் கணுவுக்குக் கணு ஒரு பூ, பூவுக்குள் வேறு நிறத்தில் ஒரு பொட்டு. சுற்றிலும் ஒரு கரை. கரைக்கும் நிலத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற ஒரு வெள்ளைக் கோடு. கரைக்குள் இன்னொரு சிறு கொடி, எதிர்த் திசையில் ஓடுவது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கோடு பிசகாது.

இதில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒன்று உண்டு. குதிரையின் உடம்பு உருண்டிருக்கிறது. போர்வையின் விளிம்பும் அந்த உருட்சிக்கு ஏற்ப வளைகிறது. உள்ளிருக்கும் பூவேலை மட்டும் வளைவதில்லை. வயிற்றின் வளைவிலோ தொடையின் மேட்டிலோ அது மடிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. தரையில் விரித்த கம்பளத்தை நேர் மேலிருந்து பார்ப்பது போல முழுதும் தட்டையாகக் கிடக்கிறது. குதிரை பாய்ந்து ஓடினாலும் கொடிக்கு அசைவில்லை. ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்துப் பழகிய 19ஆம் நூற்றாண்டு விமர்சகர்கள் சிலர் இதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கருத்து நிற்காது. கெய்ரோவில் இருக்கும், புஸ்தான் என்னும் கவிதை நூலின் 1488ஆம் ஆண்டுச் சுவடியில் பிஹ்ஸாத் வரைந்த ஓர் ஓவியம் இதற்குச் சாட்சி. மன்னர் தாரா வேட்டையில் துணைவர்களைப் பிரிந்து தனியே வருகிறார். எதிரே வருபவன் பகைவன் என்று எண்ணி வில்லை எடுக்கிறார். வந்தவன் அரசரின் குதிரைகளையே மேய்ப்பவன். தன் கூட்டத்துக் குதிரை ஒவ்வொன்றையும் தனித்தனியே தெரிந்து வைத்திருக்கும் அவன், குடிமகனை அடையாளம் தெரியாத அரசருக்கு அறிவுரை சொல்கிறான். படத்தின் கீழ்ப்பகுதியில் குதிரைகள் மேய்கின்றன. மேலே எதுவும் போர்த்தாத அந்த உடம்புகளில் கழுத்தின் தசை, குனிந்த தலையின் கனம், குட்டியின் தளர்ந்த கால்கள் எல்லாம் அத்தனை உயிரோடு இருக்கின்றன. உடம்பின் திரட்சியை வரையத் தெரியாதவர் வரைந்தது அல்ல இது. உடம்பு வேண்டிய இடத்தில் உடம்பை வரைந்தார்கள். போர்வை வந்த இடத்தில் அதை ஒரு பக்கமாகவே கருதி, அதில் நிரப்ப வேண்டியதை நிரப்பினார்கள். கூடாரத்தின் துணி, சிம்மாசனத்தின் முதுகு, தரை ஓடு, கம்பளம் எல்லாவற்றையும் இந்த ஓவியர்கள் இப்படித்தான் நடத்தினார்கள். குதிரையின் போர்வை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உயிரின் மேல் இருப்பதால் நம் கண்ணை அதிகம் உறுத்துகிறது, அதிகம் இழுக்கவும் செய்கிறது.

செய்முறையும் இதற்கு இடம் கொடுத்தது. நன்றாக அமைந்த ஒரு வடிவத்தை மெல்லிய தாளில் எடுத்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது அதை வேறு தாளின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டுவார்கள். புள்ளிகள் கீழே இறங்கும், புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல அவற்றை இணைத்தால் வடிவம் திரும்ப வரும். இப்படித் துளையிட்ட தாள்கள் தோப்கபித் தொகுப்பேடுகளிலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்தான்புல்லில் பிரஷ்ய நாட்டுத் தூதராக இருந்த டீட்ஸ் சேர்த்துப் பெர்லினுக்குக் கொண்டுபோன ஏடுகளிலும் இன்றும் இருக்கின்றன. பிறகு வண்ணம். நீலத்துக்குப் படக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி நீலக்கல், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். பொன் தகட்டைப் பிசினோடு மணிக்கணக்கில் அரைத்துக் கழுவி எடுத்த பொடியே பொன் மை. நிலத்துக்கு வண்ணம் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் நுனியில் சில முடிகளே உள்ள தூரிகை இறங்கும்.

எதை வரைவது என்பதற்கும் இலக்கணம் இருந்தது. 1550களில் ஷா தஹ்மாஸ்புக்காகத் தொகுத்த ஓர் ஏட்டுக்கு முன்னுரை எழுதிய குத்புத்தீன் முஹம்மது, எழுத்துக் கலைக்கு ஆறு வகை எழுத்துகள் இருப்பது போல ஓவியத்துக்கு ஏழு அடிப்படைகள் உண்டு என்கிறார். நூற்றாண்டின் இறுதியில் ஷா அப்பாஸின் நூலகத் தலைவராக இருந்த சாதிக்கி பேக், ஓவியம் கற்பவர்களுக்காகச் செய்யுளில் எழுதிய கையேட்டிலும் இந்த ஏழு வருகின்றன. இஸ்லிமி, கத்தாயி, ஃபரங்கி, ஃபஸ்ஸாலி, அப்ர், வாக், கிரிஹ் என்று பட்டியல் போகும். எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. குதிரையின் மேல் அடிக்கடி ஏறியவை மூன்று.

இஸ்லிமி என்பது பிளந்த இலைகளைக் கொண்ட சுருள்கொடி. அந்த இலை எந்தச் செடியிலும் இல்லாத இலை. ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டு பிரிந்து, சுருண்டு, தன் வாலைத் தானே தாண்டி, மீண்டும் பிரியும். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குப் பிடிபடாது. ஓரங்கள் ஒழுங்கில்லாத ஒரு பரப்பை நிரப்ப இதைவிட வசதியான உரு கிடையாது. குதிரைப் போர்வையின் வடிவத்தை எண்ணிப் பாருங்கள். மேலே நேர்க்கோடு, முன்னால் கழுத்துக்கான வெட்டு, பின்னால் உருண்ட மேடு, நடுவில் ஏறியவனின் காலும் அங்கவடியும் மறைக்கும் இடம். சதுரக் கட்டங்களால் ஆன வடிவம் இதில் எங்கேயோ வெட்டுப்பட்டு நிற்கும். இஸ்லிமிக் கொடி எங்கே நிறுத்தினாலும் முழுமையாகவே தெரியும்.

கத்தாயி என்றால் சீனத்து வழி வந்தது. தாமரையும் பியோனிப் பூவும் இதற்கு உயிர். இதழ் இதழாக விரிந்து ஓரம் நெளிந்த பெரிய பூக்கள் மெல்லிய தண்டில் கோத்து வரும். அப்ர் என்பது மேகம். நெளிந்து ஓடும் பட்டை போன்ற இந்த மேகமும் சீனத்திலிருந்துதான் வந்தது. தேர்ந்த ஓவியர்கள் இரண்டு அடுக்கு போடுவார்கள். கீழே பொன்னில் மெல்லிய கத்தாயிக் கொடி ஒன்று அடங்கிய குரலில் ஓடும், அதன் மேலே தடித்த இஸ்லிமியோ மேகப் பட்டையோ வேறு நிறத்தில் வேறு வேகத்தில் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போய்வர வேண்டும். தப்ரீஸ் பட்டறையின் கம்பளங்களிலும் நூலின் பொன் வேலைப்பாட்டிலும் காணும் இதே உத்தியை இரண்டு விரல் அகலப் போர்வையில் பார்க்கும்போது எனக்கு எப்போதும் வியப்பு அடங்குவதில்லை. சில போர்வைகளில் கொடிகளுக்கு நடுவே விலங்குகளும் நுழையும். மான், முயல், வாத்து, சீனத்து யாளி, சீமுர்க் என்னும் பெரும்பறவை.

குதிரைக்கு இப்படி ஆடை அணிவிக்கும் பழக்கம் ஓவியங்களைவிட மிகப் பழையது. அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளில் பனியில் உறைந்து கெடாமல் கிடைத்த பொருள்களில், விலங்குப் போர்க் காட்சிகளைக் கம்பளித் துண்டுகளால் ஒட்டித் தைத்த சேணப் போர்வைகள் உள்ளன. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. 1949இல் அங்கே ருடென்கோ தோண்டியெடுத்த புகழ்பெற்ற கம்பளத்தின் கரையில் குதிரைக்காரர்கள் வரிசையாகப் போகிறார்கள். அந்தக் கம்பளக் குதிரைகளின் முதுகிலும் பூவேலை செய்த விரிப்பு இருக்கிறது. நெய்த துணிக்குள் நெய்த துணி.

ஈரானுக்குள் வந்தால் கெர்மான்ஷாவுக்கு அருகே தாக்-இ-புஸ்தான் குடைவரை. அதன் பெரிய வளைவுக்குள் கவசம் பூண்ட மன்னர் ஒருவர் குதிரை மேல் இருக்கிறார். 590 முதல் 628 வரை ஆண்ட இரண்டாம் குஸ்ரோ அவர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. குதிரையின் முன்பாதியை மட்டும் தகட்டுக் கவசம் மூடியிருக்கிறது, அதில் பெரிய குஞ்சங்கள் தொங்குகின்றன. அதே குகையில் மன்னரின் ஆடையில் வட்டங்களுக்குள் இறகு முளைத்த விலங்குகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் துணியின் பூவேலையை இவ்வளவு கவனமாகக் காட்டிய இடம் அரிது. இடைக்கால அரபு நிலவியலாளர்கள் இந்தக் கல் குதிரையை ஷப்தீஸ் என்றே அழைத்தார்கள். கவிஞர் நிசாமியின் காவியத்தில் குஸ்ரோவின் காதலி ஷிரீன் ஏறிவரும் கருங்குதிரை அதுதான். 1539க்கும் 1543க்கும் இடையே தஹ்மாஸ்புக்காகச் செய்த நிசாமிச் சுவடியில், இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது, ஷிரீன் நீராட, குஸ்ரோ குதிரை மேலிருந்து விரலை உதட்டில் வைத்து வியந்து நிற்கும் காட்சியைச் சுல்தான் முஹம்மது என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். கல்லில் கவசத்தோடு நின்ற ஷப்தீஸ் ஓவியத்தில் சேணத்தோடு தன் தலைவிக்காகக் காத்து நிற்கிறது.

இவ்வளவு பழைய வழக்கத்தில் சீனத்துத் தாமரை எப்போது புகுந்தது? மங்கோலியர் காலத்தில். 1221-22இல் ஹெராத்தை அழித்த படை அங்கிருந்த நெசவாளர்களைக் கொல்லாமல் கிழக்கே பேஷ்பாலிக் வரை குடிபெயர்த்துக் கொண்டுபோனது. பொன் இழை ஊடும் நசீஜ் பட்டின் மேல் மங்கோலியப் பிரபுக்களுக்கு அத்தனை ஆசை. ஈரானியத் தறிக்காரரும் சீனத் தறிக்காரரும் ஒரே கூரையின் கீழ் நெய்ததில் வடிவங்கள் கலந்தன. 1258இல் பாக்தாத் வீழ்ந்து, ஈரானில் இல்கான்கள் ஆட்சி அமைந்தபோது அந்தத் துணிகளும் பூக்களும் கூடவே வந்தன. போர்த்தப்படும் குதிரையின் விலையையும் நினைவில் கொள்ள வேண்டும். இல்கான் காலத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று விலை பேசியதாகவும், வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் அரசுக் கருவூலம் பணம் கொடுத்ததாகவும் எழுதுகிறார். காயல் துறையில் இறங்கியவை இந்தக் குதிரைகள். அத்தனை விலை பெற்ற உயிரின் மேல் பொன்பட்டு விரித்ததில் வியப்பில்லை.

இல்கான் காலத்துச் சிறிய ஷாநாமாப் படங்களில் போர்வைகள் இன்னும் எளிமையானவை. ஒரே நிறம், ஒரு கரை, சில புள்ளிகள். ஷிராஸில் 1330களில் செய்த சுவடிகளிலும் அப்படியே. மாற்றம் தெளிவாகத் தெரிவது அந்த நூற்றாண்டின் இறுதியில், ஜலாயிர் அரசர்களின் பாக்தாத்தில். 1396இல் மீர் அலி தப்ரீசி எழுதிய க்வாஜு கிர்மானியின் கவிதைச் சுவடியில், ஜுனைத் கையெழுத்திட்ட ஓவியமும் அதன் கூட்டாளிகளும், அதுவரை இல்லாத நுணுக்கத்தைக் காட்டுகின்றன. கட்டடத்தின் ஓடு, உடை, தோட்டம் எதுவும் வெற்றிடமாக விடப்படவில்லை. அதற்கு ஒரு தலைமுறை தள்ளி வருவதுதான் பைசுங்குரின் ஹெராத்தும் முத்துச்சிப்பி இழைத்த அந்தச் சேணமும்.

ரக்‌ஷைப் பற்றிச் சொல்லாமல் பாரசீகக் குதிரைகளைப் பற்றிப் பேச முடியாது. ஷாநாமாவின் பெருவீரன் ருஸ்தமின் குதிரை. குங்குமப்பூ நிலத்தில் ரோஜா இதழ்களைச் சிதறியது போன்ற நிறம் என்று ஃபிர்தௌசி அதன் மேனியை வருணிக்கிறார். ஓவியர்கள் அதை வைத்து இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த புள்ளிக் குதிரையாக்கினார்கள். ஆக, பிறக்கும்போதே பூவேலையோடு பிறந்த குதிரை அது. ருஸ்தம் உறங்கும்போது சிங்கத்தோடு ரக்‌ஷ் போராடும் காட்சி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுல்தான் முஹம்மதுவின் ஓவியம், கதைப்படி கடிவாளம் கழற்றி மேயவிட்ட குதிரையைக் காட்டுகிறது. அங்கே தோலின் புள்ளிகளே போதும். சேணம் ஏறிய ரக்‌ஷை வரையும்போதுதான் ஓவியருக்குச் சோதனை. கீழே புள்ளி, மேலே கொடி. ஒன்று மற்றதை விழுங்கிவிடக் கூடாது. போர்வையின் கரை இங்கே வெறும் அழகுக்காக இல்லை. இரண்டு பூவேலைகளுக்கு நடுவே வரப்பாக நின்று கண்ணுக்கு வழி காட்டுகிறது. தஹ்மாஸ்பின் ஷாநாமாவிலிருந்து பிரிந்த ஒரு தாள், பகை மன்னன் அஃப்ராசியாபின் மந்தையிலிருந்து ருஸ்தம் ரக்‌ஷை மீட்கும் காட்சி, 2022இல் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

போர்வைக்கு அரசியலும் இருந்தது. செல்ஜூக் அரசவையிலும் பின்னர் எகிப்தின் மம்லூக் அரசவையிலும் சுல்தான் ஊர்வலம் போகும்போது, பொன் வேலை செய்த சேணப் போர்வை ஒன்றை அவருக்கு முன்னால் கையில் ஏந்திச் செல்வார்கள். வலமும் இடமும் திருப்பி மக்களுக்குக் காட்டுவார்கள். குடையைப் போல அதுவும் ஆட்சியின் சின்னம். ஒரு சிற்றரசன் பேரரசனின் சேணப் போர்வையைச் சுமந்தான் என்றால் அவன் பணிந்துவிட்டான் என்று பொருள். துக்கத்துக்கும் குதிரையே மொழி. இளவரசன் இஸ்ஃபந்தியார் இறந்தபோது அவனுடைய குதிரையின் பிடரியையும் வாலையும் கத்தரித்து, சேணத்தைப் பின்முகமாகத் திருப்பிக் கட்டி, ஆயுதங்களை அதில் தொங்கவிட்டு நடத்திச் சென்றதாக ஷாநாமா சொல்கிறது. 1330களின் பெரிய மங்கோலிய ஷாநாமாவில் இந்த இறுதி ஊர்வலம் ஓவியமாகியிருக்கிறது. தலைவிரி கோலமாக அழுது வரும் கூட்டத்தின் நடுவே குதிரைக்கும் ஓர் இடம் உண்டு.

போர்க் குதிரையின் உடை வேறு. கழுத்து, மார்பு, பக்கங்கள், பின்புறம் என்று துண்டு துண்டாகக் கட்டும் கவசம் அது. தகடுகளை வரிசை வரிசையாகக் கோத்தது, அல்லது உள்ளே பஞ்சு திணித்து மேலே பட்டு போர்த்தியது. தகட்டு வரிசையை வரையும்போது ஓவியர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் வேறு நிறம் கொடுத்தார்கள். எதிரிப் படை முழுவதும் கண்ணைப் பறிக்கும் கோடுகளாக மாறிவிடும். முகத்தில் பொன் தகடு, அதன் நெற்றியில் இறகு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இத்தகைய உண்மையான கவசம் இருக்கிறது, தகடும் வளையமும் பின்னியது. அதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஓவியர்கள் கட்டமைப்பில் பொய் சொல்லவில்லை என்பது தெரியும்.

துணிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? நான் தயங்குவேன். பட்டுத் துணி வரலாறு எழுதுவோர் சிலர் இந்த ஓவியங்களை அந்தக் காலத்து நெசவின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓவியத்திலிருக்கும் எல்லாப் போர்வையும் எங்கோ ஒரு தறியில் நெய்யப்பட்டது என்று எண்ணுவது சரியாகாது. தறியில் ஒரே உரு திரும்பத் திரும்ப வரும், இழையை அப்படித்தான் கட்டிவைக்க முடியும். ஓவியத்தின் கொடி பல இடங்களில் திரும்புவதே இல்லை, போர்வையின் வடிவத்துக்கென்றே ஒரு முறை மட்டும் ஓடுகிறது. பூத்தையல் வேலைக்கு அது பொருந்தலாம், நெசவுக்குப் பொருந்தாது. ஜாஃபரின் அறிக்கை இங்கேதான் கை கொடுக்கிறது. ஓவியர் கண்ணால் கண்ட துணியைப் பார்த்து எழுதவில்லை. சேணத்துக்கும் கூடாரத்துக்கும் வடிவம் வரைந்து கொடுத்த அதே கை, அதே வடிவச் சேமிப்பிலிருந்து எடுத்து இங்கேயும் வரைந்தது. உண்மையான போர்வையும் ஓவியத்துப் போர்வையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் சஃபவி தறிகள் ஓவியக் காட்சிகளையே பட்டில் நெய்யத் தொடங்கின. யஸ்த் நகரத்துக் கியாசுத்தீன் என்ற புகழ்பெற்ற நெசவாளர் லைலா மஜ்னூன் காட்சியை நெய்து தன் பெயரையும் அதிலேயே இட்டார். மெட்ரோபாலிட்டனில் உள்ள ஒரு பட்டுத் துண்டில் சஃபவி வீரர்கள் குதிரை மேல் அமர்ந்து ஜார்ஜியக் கைதிகளை இழுத்துச் செல்கிறார்கள். அந்தக் காட்சி துணி நெடுக வரிசை வரிசையாகத் திரும்ப வருகிறது.

இந்தக் கலை நாடு தாண்டியும் போனது. ஷா அப்பாஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் ரஷ்ய ஜார் மன்னர்களுக்கு அனுப்பிய பரிசுகளில் மணி பதித்த, வெல்வெட் போர்த்திய சேணங்களும் இருந்தன. அவை இன்றும் மாஸ்கோ கிரெம்ளின் ஆயுதக் காட்சியகத்தில் உள்ளன. கிழக்கே வந்தது பொருள் மட்டும் அல்ல, ஆட்களும் கூட. முப்பதைத் தாண்டிய தஹ்மாஸ்ப் பக்தி முற்றிக் கலைகளிலிருந்து விலகத் தொடங்கியபோது, ஓவியர்கள் மீர் சையித் அலியும் அப்துஸ் சமதும் முகலாய மன்னர் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தார்கள். 1549இல் காபூல், பிறகு தில்லி. அக்பரின் அரண்மனை நடைமுறைகளை எழுதிய அபுல் ஃபஸல், குதிரைக்குரிய சாமான்களையும் அவற்றின் செலவையும் தனிப் பகுதியாகவே கணக்கிட்டு வைத்திருக்கிறார். முகலாய ஓவியத்தின் குதிரைகளில் கொடி மெல்ல மாறுவதைக் காணலாம். கண்ணால் கண்ட பூவைக் கண்டபடி வரையும் ஆசை ஜஹாங்கீர் காலத்தில் வளர்ந்ததும், எந்தச் செடியிலும் இல்லாத அந்தப் பிளந்த இலை பின்னுக்குப் போனது.

தஹ்மாஸ்பின் ஷாநாமா, 258 ஓவியங்களோடு, 1568இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாகப் போனது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் இஸ்தான்புல்லில் பத்திரமாக இருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் கைக்கு மாறியது. 1959இல் அதை வாங்கிய அமெரிக்கர் ஆர்தர் ஹௌட்டன் ஏட்டைப் பிரித்தார். 78 ஓவியங்கள் மெட்ரோபாலிட்டனுக்குப் போயின, பல ஏலத்தில் சிதறின. எஞ்சிய 118 ஓவியங்களை 1994இல் டெ கூனிங்கின் ஓர் ஓவியத்துக்கு மாற்றாக ஈரான் பெற்றுக்கொண்டது. ஒரு மாபெரும் ஏட்டைத் தாள் தாளாகக் கிழித்து விற்றதை என்னால் எந்தச் சமாதானத்தோடும் ஏற்க முடியவில்லை. ஒரு பட்டறையின் ஓவியர்கள் இருபது ஆண்டுக் காலம் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து வளர்ந்த கதை அந்தப் பக்கங்களின் வரிசையில் இருந்தது. ஸ்டூவர்ட் கேரி வெல்ச்சும் மார்ட்டின் டிக்சனும் 1981இல் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளில் எந்தப் பக்கம் எந்த ஓவியருடையது என்று பிரித்துக் காட்ட முயன்றார்கள். ஷீலா கான்பியின் மேற்பார்வையில் மெட்ரோபாலிட்டன் வெளியிட்ட தொகுதியில் 258 ஓவியங்களும் மீண்டும் ஒரே அட்டைக்குள் வந்தன. நியூயார்க்கில் இருக்கும் ஒரு குதிரையின் கரையையும் தெஹ்ரானில் இருக்கும் ஒரு குதிரையின் கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே துளைத்தாளிலிருந்து இறங்கியவையா என்று பார்க்க இப்போது அந்தத் தொகுதிதான் வழி. வாசகர்களில் யாருக்காவது நூலகத்தில் அது கிடைத்தால், முகங்களை விட்டுவிட்டு ஒருமுறை போர்வைகளை மட்டும் பார்த்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டுங்கள்.

அடுத்த இதழில் கூடாரங்கள்: அப்துர் ரஹீம் வடிவம் வரைந்து கொடுத்த நான்கு தொழில்களில் மூன்றாவது.

(தொடரும்)